சாணக்கல் யாருடையது?

நாக்பூருக்குத் தெற்கே பிஸ்துரா என்னும் ஊரில் கிடைத்த டைனோசர் சாணத்தில் புல் இருந்ததாகப் படித்திருக்கிறீர்கள். ஆறரைக் கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, இது சாணம், இன்ன விலங்கு போட்டது, அது இன்னதைத் தின்றது என்று சொல்வது வெறும் ஊகமல்லவா என்று கேட்கிறீர்கள். அப்படிச் சொல்லலாம் என்றால் உங்கள் பெரம்பலூர்ப் பக்கத்து ஓடைகளில் கிடைக்கும் உருண்டைக் கற்களையும் சாணம் என்று சொல்லிவிடலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது சாணம்தானா? இதற்குள் என்ன இருக்கிறது? இது யாருடையது? மூன்றுக்கும் கிடைக்கும் விடைகள் ஒரே அளவு உறுதியுடையவை அல்ல. உள்ளே இருப்பதைப் பெரும்பாலும் ஐயமின்றிச் சொல்லிவிடலாம், ஏனெனில் அது கண்ணால் பார்க்கும் விஷயம். சாணமா இல்லையா என்பதைப் பல சான்றுகளைச் சேர்த்து நிறுவலாம். யாருடையது என்பதுதான் கடினம். செய்தித்தாள்கள் தலைப்பில் போடுவதோ பெரும்பாலும் அந்த மூன்றாவதை. பாறைகளை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில், உங்கள் சந்தேகம் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது என்றே சொல்வேன்.

தமிழில் மாடு போடுவது சாணம், ஆடும் எலியும் போடுவது புழுக்கை, யானை போடுவது லத்தி, கழுதை போடுவது விட்டை, பறவை போடுவது எச்சம். உருவத்தைப் பார்த்தே விலங்கைச் சொல்லிவிடும் வழக்கத்திலிருந்து வந்த சொற்கள் இவை. மேய்ச்சல்காரரும் காட்டில் தடம் பார்ப்பவரும் நாள்தோறும் செய்யும் இந்த வேலையைத்தான் தொல்லுயிரியலாளரும் செய்கிறார். ஒரே வேறுபாடு, அவர் பார்க்கும் விலங்கு இன்று உயிரோடு இல்லை என்பதால் ஒப்பிட்டுச் சரிபார்க்க வழியில்லை. அறிவியலில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வழங்கும் கோப்ரோலைட் என்னும் பெயர், சாணத்தையும் கல்லையும் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த நிலவியலாளர் வில்லியம் பக்லேண்ட் 1829ஆம் ஆண்டில் உருவாக்கியது.

சாணம் கல்லாவது அரிது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மழை கரைக்கிறது, வெயில் உதிர்க்கிறது, வண்டுகள் உருட்டிக்கொண்டு போகின்றன, மிஞ்சியதைப் பூஞ்சையும் நுண்ணுயிரியும் தின்றுவிடுகின்றன. தப்பிப் பிழைக்க வேண்டுமானால் அது விழுந்த சில நாட்களுக்குள் ஏரிச் சேற்றிலோ வெள்ளம் கொண்டுவந்த வண்டலிலோ புதைந்துவிட வேண்டும். உள்ளிருக்கும் கரிமப்பொருள் அழியுமுன் அந்த இடத்தைக் கனிமம் பிடித்துக்கொள்ள வேண்டும். இறைச்சி தின்னும் விலங்குகளின் கழிவில் எலும்பிலிருந்து வந்த கால்சியம் பாஸ்பேட் ஏற்கெனவே நிறைய இருப்பதால் அது வெளியிலிருந்து அதிகம் எதிர்பாராமல் தானே இறுகிவிடுகிறது. அதனால்தான் உலகெங்கும் கிடைப்பவற்றில் ஊனுண்ணிகளுடையவை மிகுதி. இலையும் புல்லும் தின்றவற்றினுடையவை குறைவு. அக்காலத்தில் தாவர உண்ணிகளே எண்ணிக்கையில் மிகுந்திருந்திருக்கும் என்பதால், நம் கைக்கு வரும் சாணக்கற்கள் அந்த உலகத்தின் சரியான மாதிரி அல்ல. வறண்ட குகைகளிலும் உப்புச் சுரங்கங்களிலும் கிடைப்பவை வேறு வகை. அவை கல்லாகவே இல்லை, வெறுமனே காய்ந்து நின்றவை. அவற்றை நீரில் ஊறவைத்தால் சில நேரம் பழைய வாடை திரும்ப வரும். ஒருமுறை எங்கள் ஆய்வகத்தில் அதை அறியாமல் சன்னலைச் சாத்தி வைத்திருந்தோம். அன்று மதியச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை.

சாணம் என்று எப்படித் தெரிந்தது என்பதற்கு வரலாறே நல்ல விடை தருகிறது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரைப் பாறைகளில் இக்தியோசார் என்னும் கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகளைத் தோண்டியெடுத்து விற்று வாழ்ந்த மேரி ஆனிங், பிசோர் கல் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட உருண்டைகள் அந்த எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில் இருப்பதைக் கவனித்தார். உடைத்துப் பார்த்தபோது மீன் செதில்களும் எலும்புகளும் தெரிந்தன. பக்லேண்ட் தன் கட்டுரையை எழுதியது இந்தக் கவனிப்பை வைத்துத்தான். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே யார்க்‌ஷயரின் கிர்க்டேல் குகையில் கழுதைப்புலி எலும்புகளோடு கிடைத்த வெண்ணிற உருண்டைகளை அவர் லண்டனில் அப்போது இருந்த ஒரு விலங்குக் காட்சிசாலையின் காப்பாளரிடம் காட்டியிருந்தார். கழுதைப்புலியின் கழிவு இப்படித்தான் இருக்கும் என்று அந்தக் காப்பாளர் சட்டென்று சொல்லிவிட்டார். உருண்டைகளில் எலும்பின் பொருள் இருப்பதை வேதிப் பகுப்பாய்வும் காட்டியது. படித்தவரின் ஊகத்தை நாள்தோறும் கூண்டு கழுவுபவரின் அறிவு உறுதிசெய்த அந்த நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

இன்றும் அளவுகோல்கள் ஏறத்தாழ அவையே. வடிவம், கிடைத்த இடம், பாஸ்பேட் மிகுந்த வேதிக்கூறு, உள்ளே செரித்தும் செரியாமலும் கிடக்கும் துண்டுகள், வாயுக் குமிழி இருந்த துளைகள், காயும்போது விழுந்த வெடிப்புகள் ஆகியவற்றில் பல ஒரே கல்லில் சேர்ந்து வர வேண்டும். வடிவத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவது உறுதி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வில்க்ஸ் படிவு என்னும் அடுக்கிலிருந்து வரும் கற்கள், பார்த்தவுடன் முகம் சுளிக்கும் அளவுக்கு அச்சு அசலாக இருக்கின்றன. ஆனால் அவை சிடரைட் என்னும் இரும்புக் கார்பனேட். உள்ளே உணவின் சுவடு ஒன்றும் இல்லை. மென்மையான களிமண் அழுத்தத்தில் பிதுங்கி அந்த உருவம் பெற்றது என்பது ஒரு விளக்கம், வேறு விளக்கங்களும் உண்டு. என் கருத்து, சிரிப்பை வரவழைக்கும் அளவுக்கு ஒரு கல் சாணத்தைப் போலிருந்தால் அதுவே சந்தேகப்படப் போதுமான காரணம். இந்தக் குழப்பம் அறிஞர்களையும் விட்டதில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சஃபோக், கேம்பிரிட்ஜ்‌ஷயர் பகுதிகளில் கோப்ரோலைட் என்ற பெயரில் உருண்டைகளைத் தோண்டிக் கந்தக அமிலத்தில் கரைத்து உரமாக்கும் பெருந்தொழிலே நடந்தது. இப்ஸ்விச் நகரில் அந்தப் பெயரில் ஒரு தெரு இன்றும் இருக்கிறது. தோண்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை சாணமே அல்ல, கடலடியில் தானாகத் திரண்ட பாஸ்பேட் உருண்டைகள். உங்கள் ஓடைக் கற்களைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

வடிவம் உண்மையிலேயே பேசும் ஒரு வகையும் உண்டு. சுறாக்களின் குடலுக்குள் திருகுப்படிக்கட்டைப் போன்ற ஒரு மடிப்பு இருப்பதால் அதன் வழியாக வருவது சுருளாகவே வெளிவரும். பக்லேண்ட் இதைச் சோதிக்க மீன் குடலுக்குள் சிமெண்ட்டைச் செலுத்திப் பார்த்தார். தெலங்கானாவின் மாலேரி படிவில், டைனோசர்கள் தலைகாட்டத் தொடங்கிய டிரயாசிக் காலத்து அடுக்குகளில், இத்தகைய சுருள் கற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் சுருள் இருந்தால் சுறா என்று முடித்துவிட முடியாது. நுரையீரல் மீன்களுக்கும் வேறு சில பழைய மீன்களுக்கும் அதே குடலமைப்பு உண்டு. இவற்றில் சில வெளியே விழுந்த கழிவே அல்ல, செத்த மீனின் உடலுக்குள்ளேயே குடலோடு சேர்ந்து கல்லானவை என்னும் வாதமும் அரை நூற்றாண்டாக இருந்துவருகிறது. மீன் என்பது வரை உறுதி. எந்த மீன் என்பது திறந்தே கிடக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கல்லை வைரச் சக்கரத்தால் அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் மூன்று சதவீதம் தடிமன் வரும்வரை தேய்த்தால் ஒளி ஊடுருவும். அப்போது தெரிவதில் ஊகத்துக்கு இடம் மிகக் குறைவு. கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத்தில் கிடைத்து, 1998இல் தொல்லுயிரியலாளர் கரேன் சின்னும் உடன் ஆய்வாளர்களும் விவரித்த 44 சென்டிமீட்டர் நீளமுள்ள கல் இதற்குச் சிறந்த சான்று. அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நொறுங்கிய எலும்பு. எலும்பின் உள்ளமைப்பிலிருந்து அது முழு வளர்ச்சி பெறாத ஒரு தாவர உண்ணி டைனோசருடையது என்று கண்டார்கள். முதலையின் வயிற்றில் எலும்பு ஏறக்குறைய முழுதுமாகக் கரைந்துவிடும். இங்கே எலும்புச் சில்லுகள் கரையாமல் மிஞ்சியிருந்தன, அதுவும் கடித்து நொறுக்கப்பட்ட நிலையில். ஒரு எலும்புக்கூட்டை எத்தனை ஆண்டு பார்த்தாலும் அந்த விலங்கு தன் இரையை அப்படியே விழுங்கியதா மென்றதா என்பதை இவ்வளவு நேராகத் தெரிந்துகொள்ள முடியாது. அது டிரன்னோசாரஸ் ரெக்ஸுடையது என்பது மட்டும் நுண்ணோக்கியில் தெரிந்ததல்ல. அந்தக் காலத்து அந்த அடுக்கில் இவ்வளவு பெரிதாகப் போடக்கூடிய வேறு ஊனுண்ணி எதுவும் அறியப்படவில்லை என்பதிலிருந்து வந்த முடிவு அது. மிக நல்ல முடிவு. ஆனாலும் முடிவுதான், காட்சி அல்ல.

இப்போதெல்லாம் அறுக்காமலே பார்க்க முடிகிறது. போலந்தில் கிடைத்த சுமார் 23 கோடி ஆண்டுப் பழைய ஒரு கல்லை பிரான்சின் கிரெனோபில் நகரிலுள்ள சின்க்ரோட்ரான் என்னும் துகள்முடுக்கி தரும் எக்ஸ் கதிரால் ஊடுருவிப் பார்த்தபோது, ஒன்றரை மில்லிமீட்டர் அளவேயான வண்டுகள் காலும் உணர்கொம்பும் முறியாமல் உள்ளே இருந்தன. 2021இல் அவற்றுக்கு ட்ரையமிக்ஸா கோப்ரோலித்திகா என்று பெயரிட்டார்கள். ஒரு புதிய பூச்சி இனமே சாணத்துக்குள்ளிருந்து விவரிக்கப்பட்டது அதுவே முதல்முறை. பூச்சிகளின் நல்ல புதைபடிவங்களை மரப்பிசினில் தேடுவதே வழக்கம். ஆனால் அந்தப் பிசின் பெருமளவில் கிடைக்கும் காலத்துக்கு மிக முந்தையது இது. மோண்டானாவில் மையாசாரா டைனோசரின் கூடுகள் உள்ள இடத்தில் கிடைத்த கற்களோ நிறைய ஊசியிலை மரத்துண்டுகளைக் கொண்டிருந்தன; பூஞ்சை பிடித்து மக்கிய மரத்தையே அந்த விலங்கு தின்றிருக்க வேண்டும் என்று பின்னர் தெரியவந்தது. அதே கற்களில் சாணவண்டு துளைத்த வழிகளும் இருந்தன. ஒருவர் தின்று கழித்ததை மற்றொருவர் தின்ன வந்த சுவடும் சேர்ந்தே கல்லாகியிருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட பிஸ்துரா. மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் வரோராவுக்கு அருகிலுள்ள இந்த ஊரின் வயல்வெளிகளில், தக்காண எரிமலைக் குழம்புப் பாறைகளோடு தொடர்புடைய லமேட்டா படிவு வெளித்தெரிகிறது. அங்குக் கிடைக்கும் சாணக்கற்களை சி. ஏ. மாட்லி என்பவர் 1939இலேயே வகைபிரித்து எழுதியிருக்கிறார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் லக்னோ ஆய்வாளர்கள் அவற்றைத் திரும்ப எடுத்தார்கள். 2005இல் பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்தின் வந்தனா பிரசாத், கரோலின் ஸ்ட்ராம்பெர்க், அசோக் சாஹ்னி ஆகியோரை உள்ளடக்கிய குழு வெளியிட்ட முடிவுதான் நீங்கள் படித்தது. அவர்கள் தேடியது இலையையோ தண்டையோ அல்ல, ஃபைட்டோலித் என்னும் சிலிக்காத் துகள்களை. கோரைப் புல்லை இழுத்தால் விரல் கீறுவதும், உமியைச் சுட்டால் அவ்வளவு சாம்பல் மிஞ்சுவதும் இந்தச் சிலிக்காவால்தான். செடி நீரோடு உறிஞ்சும் சிலிக்கா அதன் செல்களுக்குள் படிந்து அந்தச் செல்லின் உருவத்தையே எடுத்துக்கொள்கிறது. செடி மக்கினாலும், செரித்தாலும், கல்லானாலும் அது அழிவதில்லை. புற்களின் செல்கள் விசித்திரமான உருவங்கள் கொண்டவை என்பதால் புல்லின் துகளைப் பனையின் துகளிலிருந்தும் மற்ற மரங்களின் துகளிலிருந்தும் பிரித்தறியலாம், புல்லுக்குள்ளேயே குடும்பப் பிரிவுகளையும் ஓரளவு பிரிக்கலாம். அவர்கள் குறைந்தது ஐந்து வகைப் புற்களைக் கண்டார்கள். 2011இல் அதே வகைக் கற்களில் நெல்லின் உறவுக்கூட்டத்தைச் சேர்ந்த புல்லின் துகள்களும் இருப்பதாக எழுதினார்கள்.

இது ஏன் பெரிய செய்தி ஆயிற்று என்றால், டைனோசர்கள் இருந்தவரை புல்லே இல்லை என்பது அதுவரை பாடநூல்களில் இருந்த கருத்து. அருங்காட்சியக ஓவியர்கள்கூட டைனோசரின் காலடியில் புல் வரையாமல் கவனமாக இருந்தார்கள். ஆனால் இங்கேயும் படிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கல்லுக்குள் புல்லின் துகள் இருக்கிறது என்பது உறுதி. கல்லின் வயது டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டம் என்பதும் நன்றாக நிறுவப்பட்டது. ஆகவே அப்போது இந்தியாவில் புல் இருந்தது. ஒன்றல்ல, ஏற்கெனவே பல கிளைகளாகப் பிரிந்தே இருந்தது. இந்த முடிவுக்குச் சாணத்தின் சொந்தக்காரர் யார் என்று தெரியவே வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். டைட்டனோசார் என்னும் நீள்கழுத்து டைனோசர்கள் புல் தின்றன என்னும் இரண்டாவது கூற்றுக்கு மட்டுமே சொந்தக்காரர் வேண்டும். அதே அடுக்கில் அவற்றின் எலும்புகள் கிடைப்பதே அதற்கான முக்கியச் சான்று. ஆனால் அதே இடத்தில் ஆமைகளின் எலும்புகளும் கிடைக்கின்றன. கற்களோ அவ்வளவு பெரிய உடலுக்குச் சற்றுச் சிறியவையாகத் தோன்றுகின்றன. அளவு மட்டும் வாதமாகாது, ஒட்டகம் போடுவதும் புழுக்கை அளவுதான். ஆயினும் ஐயம் நியாயமானது. தின்றது யாராக இருந்தாலும் அது புல்லை மட்டும் மேய்ந்ததல்ல: பனையும் ஊசியிலை மரமும் பிற செடிகளும் கலந்தே கிடந்தன, புல் அவற்றில் ஒரு சிறு பங்கு. மேய்ச்சல் மாட்டைப் போல டைனோசரைக் கற்பனை செய்த செய்திகள் அந்த ஆய்வுக் கட்டுரை சொல்லாததைச் சொன்னவை. டைனோசர் புல் தின்றது என்பதற்கு வேறு திசையிலிருந்து ஆதரவு வந்திருக்கிறது. 2018இல் சீனத்து எக்விஜுபஸ் என்னும் டைனோசரின் பல்லில் ஒட்டியிருந்த புல் தோலும் துகள்களும் விவரிக்கப்பட்டன. பல்லுக்கு உரிமையாளர் யார் என்பதில் சந்தேகம் எழாது.

உரிமையாளர் சிக்கல் பழமையால் மட்டும் வருவதல்ல என்பதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள பெய்ஸ்லி குகைகள் சான்று. அங்குக் காய்ந்து கிடந்த மலத்தில் மனித டிஎன்ஏ கிடைத்ததாகவும் அது சுமார் 14,300 ஆண்டுப் பழையது என்றும் 2008இல் அறிவித்தார்கள். அமெரிக்கக் கண்டத்தில் மனிதர் எப்போது நுழைந்தனர் என்னும் பழைய சண்டையில் அது பெரும் ஆயுதம். உடனே எதிர்ப்பு வந்தது: மேலடுக்கில் பின்னாளில் வாழ்ந்தவரின் டிஎன்ஏ நீரோடு கீழே இறங்கி ஒரு விலங்கின் சாணத்தில் ஊறியிருக்கலாமே என்றார்கள். நியாயமான எதிர்ப்பு. 2020இல் மற்றொரு ஆய்வில் குடலில் உருவாகும் கொழுப்புச் சேர்மங்களைக் கொண்டு சோதித்தார்கள். அவை நீரில் எளிதில் கரைந்து இடம் மாறாதவை. மனிதரிலும் மேயும் விலங்குகளிலும் வெவ்வேறு விகிதத்தில் இருப்பவை. பழைய மாதிரிகளில் சில மனிதருடையவை அல்ல என்று தெரிந்தது, சில மனிதருடையவையே என்று உறுதிப்பட்டது. பதினான்காயிரம் ஆண்டுக்கே இந்தப் பாடு என்றால் கோடி ஆண்டுகளுக்கு டிஎன்ஏ உதவவே உதவாது. அது அவ்வளவு காலம் நிலைக்கும் பொருளல்ல. டைனோசர் சாணத்திலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள் என்று எங்கேனும் படித்தால் அதை அப்படியே கடந்துவிடுங்கள். காய்ந்த குகைச் சாணத்தில் கதையே வேறு: 1998இல் தரை ஸ்லாத் எனப்படும் அழிந்துபோன அமெரிக்க விலங்கின் சாணத்திலிருந்து அதன் டிஎன்ஏவையும் அது தின்ற செடிகளின் டிஎன்ஏவையும் சேர்த்தே பிரித்தெடுத்தார்கள். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில் 2,700 ஆண்டுக்கு முன் வேலை செய்தவர் விட்டுச் சென்றதில் நீலப் பாலாடைக்கட்டியின் பூஞ்சையும் பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டும் இருந்தன. இந்த டிஎன்ஏ பகுதியில் நான் நேரடியாக வேலை செய்ததில்லை. துறையினர் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் மட்டுமே.

கடைசியாக உங்கள் உருண்டைகள். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் கிரெட்டேசியஸ் (டைனோசர் யுகத்தின் கடைசிக் காலம்) அடுக்குகள் கடலில் படிந்தவை. ஊட்டத்தூர் அடுக்கின் களிமண்ணில் பாஸ்பேட் உருண்டைகள் நிறைய இருப்பது ஆங்கிலேயர் காலத்து நிலவியல் குறிப்புகளிலேயே பதிவாகியிருக்கிறது. சஃபோக்கில் நடந்த அதே குழப்பம் இங்கும் எளிதில் நேரும், ஏனெனில் பாஸ்பேட் இருக்கிறது என்ற ஒன்றே இரண்டுக்கும் பொது. 2020இல் குன்னத்தில் கிடைத்த உருண்டைகள் டைனோசர் முட்டைகள் என்று ஊரெல்லாம் பரவி, பின்னர் அவை கடற்படிவு திரண்ட உருண்டைகளே என்று நிலவியலாளர்கள் விளக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே என் முதல் ஊகம், உங்களிடம் உள்ளவை அத்தகைய திரள்களே என்பது. மாறாக, உடைந்த முகத்தில் மீன் செதிலோ பளபளக்கும் எலும்புச் சில்லோ தெரிந்தால், அல்லது புறத்தில் சீரான சுருள் வரி ஓடினால், அதை நான் வேறு கண்ணால் பார்ப்பேன். புதிதாக எதையும் சுத்தியலால் உடைக்க வேண்டாம். ஓடையில் உருண்டு வந்த கல்லைவிடக் களிமண்ணில் பதிந்தபடியே இருக்கும் கல் பலமடங்கு பயனுள்ளது. அது எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதை அளவுகோலோடு படமெடுத்துக் குறித்துக்கொண்டு, கல்லை அங்கேயே விட்டுவிட்டு, அருகிலுள்ள கல்லூரி நிலவியல் துறையில் ஒருவரை அழைத்துச் சென்று காட்டுங்கள்.